ஏற்காட்டில் மதியம் 12 மணிக்குப் பூடுவார் படமா?

வெளிச்சக்காரி:
நேற்று இங்கே நாகலூர் மிளகு என்பவர் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மல்கோவா தங்கை தன் பத்தாவது கல்யாண நாளுக்காக, மே மாதத்தில் ஏற்காட்டில் வெட்டவெளியில் பூடுவார் படம் (உடை குறைத்து எடுத்துக்கொள்ளும் அந்தரங்கப் படம்) எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டு, எந்த நேரம் நல்லது என்று கேட்டிருந்தாள். அதற்கு இவர் சொன்னது: "மதியம் 12 மணிக்குச் சில்வர் ஓக் நிழலில் நிறுத்துங்கள். சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் விளக்குப் பெட்டி) வைத்த மாதிரி வெளிச்சம் வரும். விடியற்காலையில் எழுந்து ஓடுவதெல்லாம் கல்யாண போட்டோகிராபர்கள் கட்டிவிட்ட கதை."

நான் அஸ்தம்பட்டியில் 14 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் எடுக்கிறேன், பூடுவாரும் எடுக்கிறேன். கதை கட்டிப் பிழைக்க வேண்டிய நிலையில் நான் இல்லை. காபித் தோட்டத்தில் உச்சி வெயிலில் எடுத்தால் தோலில் பச்சை ஏறும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

காபித் தோட்டத்தில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம் மேலே நிழல் தருகிறது, சரி. ஆனால் படத்தில் இருப்பவர் நிற்பது மார்பளவு காபிச் செடிக்கு நடுவில். காபி இலை எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும். அதில் படும் வெயில் கீழிருந்து மேலே பச்சையாகத் திரும்பி, தாடைக்கு அடியிலும் கழுத்தெலும்புக் குழியிலும் கையின் உட்பக்கத்திலும் போய் உட்காரும். சேலை சுற்றிய உடம்பென்றால் முகத்தை மட்டும் சரிசெய்து தப்பிக்கலாம். பூடுவாரில் தோல்தான் படமே.

தொடக்கத்தில் நானும் ஒரு மதியம் அப்படி எடுத்திருக்கிறேன். வந்தவர் தன் அம்மாவின் சேலம் வெண்பட்டைத் தோளில் போர்த்தியிருந்தார். ராத்திரி திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டின் மடிப்பெல்லாம் வெள்ளரிப் பிஞ்சு நிறம். தாடைக்குக் கீழே காமாலை வந்தவர் போல ஒரு பட்டை. பணம் வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பாடத்தை இவர் கதை என்கிறார்.

நாகலூர் மிளகு:
மேடம், நான் "சில்வர் ஓக் நிழல்" என்று எழுதினேன். "காபிச் செடிக்கு நடுவில்" என்று எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் முதல் வருடம் செய்த தப்புக்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் தோட்டத்தில் மரத்துக்கு மரம் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். நடுவில் வண்டிப் பாதை போகிறது. பாதை முழுக்கச் செம்மண். அந்தச் செம்மண்ணில் பட்டு வெயில் திரும்பினால் தோலுக்கு நல்ல சூடான நிறம் வரும். நான் இந்த மலையில் பிறந்தவன். வெளிச்சம் எப்படி விழும் என்று சேலத்திலிருந்து வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஐந்துரோடு:
ஒரு சந்தேகம். பூடுவார் என்பது பிரெஞ்சுச் சொல், பெண்ணின் அந்தரங்க அறை என்று பொருள். அறையே இல்லாமல் மலையில் எடுத்தால் அதற்கு எப்படிப் பூடுவார் என்று பெயர்? முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு பேசலாமே.

வெளிச்சக்காரி:
மலையில் பிறந்ததற்கும் வெளிச்சம் தெரிவதற்கும் சம்பந்தமில்லை மிளகு சார். வண்டிப் பாதை எத்தனை அடி அகலம்? இரண்டு பக்கமும் காபிச் செடி இல்லையா? மேலே மிளகுக் கொடி பச்சை, பக்கத்தில் காபி பச்சை. நடுவில் எட்டடிச் செம்மண் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுமா? நெற்றியில் சிவப்பும் கன்னத்தில் பச்சையுமாகக் கலந்தடித்து வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. சில்வர் ஓக் இலை மாமர இலை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. பெரணி இலை போலப் பிரிந்து பிரிந்து இருக்கும். அதன் நிழல் சல்லடை நிழல். வயிற்றிலும் தோளிலும் நாலணா நாலணாவாக வெயில் பொட்டு விழும். பொட்டுக்கு ஏற்ற மாதிரி எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு) வைத்தால் உடம்பு கருத்துப்போகும், உடம்புக்கு வைத்தால் பொட்டு வெளுத்துப்போகும். நம்ம ஊர் மாநிறத் தோலில் அந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

விடியற்காலை ஏன் என்றால், நம் பக்கம் சூரியன் சாய்ந்து ஏறுவதில்லை, கிட்டத்தட்ட நேரே ஏறும். மே நடுவில் சேலத்தில் சூரியன் உதிப்பது 5:55 வாக்கில். 6:45 வரைக்கும் மஞ்சள் வெயில் கிடைக்கும். 7 மணியானால் வெளுக்கத் தொடங்கிவிடும். வெளிநாட்டு வீடியோவில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே பொன் வெயில் என்பார்கள். அது அவர்கள் ஊருக்கு. நமக்குக் கிடைப்பது ஐம்பது நிமிடம். அதற்காகத்தான் ஓடுகிறோம்.

மல்கோவா:
அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு 4 வயதில் பையன் இருக்கிறான். மாமியாரிடம் விட்டுவிட்டுக் கோரிமேட்டிலிருந்து வர வேண்டும். 5 மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆயிரம் கேள்வி வரும். சாயங்காலம் எடுக்கலாமா?

நாகலூர் மிளகு:
பாருங்கள், கேட்ட பெண்ணுக்கே காலையில் வர முடியாது. அதனால்தான் மதியம் என்றேன். பச்சை வந்தால் கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமன் அமைப்பை, பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் போச்சு. இரண்டு விநாடி வேலை. 14 வருட அனுபவசாலிக்குத் தெரியாதா?

வெளிச்சக்காரி:
தள்ளிப் பாருங்கள். பச்சை தாடைக்கு அடியில் மட்டும்தானே இருக்கிறது? நீங்கள் தள்ளுவது படம் முழுக்கத் தள்ளும். தாடை சரியாகும்போது நெற்றி ரோஜா நிறமாகிவிடும், உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு படத்திலும் தாடை வேறு, தோள் வேறு என்று எடிட்டிங்கில் தனித்தனியாகத் தூரிகை போட வேண்டும். 60 படத்துக்கு அதைச் செய்திருக்கிறேன். அந்த "இரண்டு விநாடி" எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
நானும் போன கோடையில் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மல்கோவாவுக்கு ஒன்று சொல்லணும். கிளம்பும்போதே இறுக்கமான லெக்கின்ஸ், எலாஸ்டிக் பாவாடை போடாதே. 20 கொண்டை ஊசி வளைவும் உட்கார்ந்து ஏறி இறங்கினால் இடுப்பைச் சுற்றிச் சிவப்புத் தடம் விழுந்து, ஒரு மணி நேரத்துக்கு மறையாது. நான் தொளதொள நைட்டியில் போனேன். அப்புறம் கொலுசு. எங்கள் வீட்டுப் பழைய கெட்டிக் கொலுசை வெயிலில் இருந்த பாறை மேல் கழற்றி வைத்தேன், திரும்பப் போட்டால் கணுக்கால் சுருக்கென்று சுட்டது. நிழலில் துணிக்குள் சுற்றி வை.

மேலே குளிர்ந்த காற்று வீசுவதால் வெயில் தெரியாது. ஆனால் சுடும். தோள்பட்டை இரண்டு நாள் எரிந்தது.

வெளிச்சக்காரி:
அக்கா சொல்வது அத்தனையும் சரி. ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் கூடத்தான் இருக்கும். 12 மணிக்கு நிறுத்தினால் அந்தப் பெண்ணின் தோள் என்ன ஆகும் என்று மிளகு சார் யோசித்தாரா? பச்சை ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

நாகலூர் மிளகு:
நிழலில் நிறுத்தச் சொன்னேன். நிழல். நிழல். தமிழ்தானே படிக்கிறீர்கள்?

வெளிச்சக்காரி:
12 மணி, 12 மணி என்கிறீர்களே, சேலத்தில் மே மாதம் சூரியன் உச்சிக்கு வருவது 12:14 வாக்கில் என்று தெரியுமா? நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் இருப்பது 78 டிகிரிக்குப் பக்கத்தில். ஏப்ரல் 21 வாக்கில் நம் ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து கம்பத்துக்கே நிழல் இருக்காது. மே நடுவிலும் உச்சியிலிருந்து ஏழு டிகிரிதான் வடக்கே நகர்ந்திருக்கும். மேலே கிளை விலகியிருக்கிற இடத்தில் வெளிச்சம் நேர் தலையில் விழும். கண்குழி இரண்டும் கருப்பாகும், மூக்கு நிழல் மீசை மாதிரி உதட்டில் விழும். அதை நிரப்ப அடியில் ஒன்றும் வைக்காவிட்டால் இலையின் பச்சைதான் வந்து நிரப்பும். பச்சை என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

ஐந்துரோடு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வக்கீல் தம்பி:
இரண்டு பேரும் நேரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் மாதிரிச் சுற்றுலா இடங்கள் பக்கம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பொது இடத்தில் ஆபாசமாக நடந்து பிறருக்குத் தொந்தரவு என்று புகார் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 296. மூன்று மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காப்புக்காடு பக்கம் போகவே வேண்டாம். யாராவது மறைந்திருந்து படம் பிடித்தால் அதே சட்டத்தில் பிரிவு 77. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காமல் அதைப் பரப்பினால் அதுவும் அதே பிரிவில் குற்றம்தான்.

நாகலூர் மிளகு:
தம்பி சொன்னது முக்கியம். சிலர் வந்தவர்களின் படத்தை விளம்பரத்துக்குப் போடுகிறார்களே, அவர்களும் இதைப் படிக்கட்டும். பெயர் சொல்ல விரும்பவில்லை.

வெளிச்சக்காரி:
பெயர் சொல்லுங்கள். என்னைத்தானே? நான் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் கையெழுத்து இருக்கிறது. முகம் தெரியலாமா, முதுகு மட்டுமா, எத்தனை மாதம் வைக்கலாம் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கியது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் அந்தப் படம் முதலில் சொந்தம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். இதை நானே வருகிறவர்களிடம் படித்துக் காட்டுகிறேன். பாதிப் பேர் போடவே கூடாது என்பார்கள், போடமாட்டேன்.

போன வருடம் நான் போட்ட ஒரு பனிமூட்டப் படத்துக்குக் கீழே "புகையெல்லாம் எடிட்டிங்" என்று எழுதியது யார்? அன்று பொறுத்துக்கொண்டேன். குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு அம்மா நின்ற படம் அது. அந்த வரியைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு அழுதார்.

நாகலூர் மிளகு:
மே மாதத்தில் அவ்வளவு பனி எங்கள் பக்கம் வருவதில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

வெளிச்சக்காரி:
முதல் நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டினால் மறுநாள் விடியற்காலை பள்ளத்தில் பனி நிற்கும். மலையில் பிறந்தவருக்கு இது தெரியாதா? விடியற்காலை எழுந்திருந்தால்தானே பார்த்திருப்பீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி:
மல்கோவா சாயங்காலம் பற்றிக் கேட்டாளே?

வெளிச்சக்காரி:
சாயங்காலத்தை நம்பி அத்தனை தூரம் ஏறாதே தங்கை. மே மாதம் மூன்று நான்கு மணிக்கு மேல் இடி மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சூரியன் மறைவது 6:30 தாண்டித்தான், ஆனால் மேற்கே மேகம் மூடினால் 5:30க்கே முடிந்தது. முதல் நாளே மேலே ஏறி ஒரு ராத்திரி தங்கு, தோழியைக் கூட்டிக்கொள். மலர்க் கண்காட்சி, கோடை விழா நாட்களை விட்டுவிடு. வளைவுக்கு வளைவு வண்டி நிற்கும், அறையும் கிடைக்காது. சேர்வராயன் கோயில் மலைப்பக்கம் வேண்டவே வேண்டாம். அது சாமி கும்பிடுகிற இடம், மே மாதம் திருவிழாக் கூட்டமும் இருக்கும்.

முகத்தில் வெள்ளையாக நிற்கும் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு வராதே. ஃபிளாஷ் அடித்தால் சாம்பல் பூசியது மாதிரி வரும்.

நாகலூர் மிளகு:
ராத்திரி தங்க வேண்டும், தோழி வேண்டும், அறை வாடகை வேறு. பத்து நிமிட நிழலுக்குப் பதிலாக இவ்வளவு செலவு. இதைத்தான் கல்யாண போட்டோகிராபர் புத்தி என்றேன். மதியம் எங்கள் தோட்டத்தில் ஆட்களும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒரு ஈ காக்கா இருக்காது.

வெளிச்சக்காரி:
ஆட்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? வெயிலிலா? நீங்கள் சொல்கிற அதே சில்வர் ஓக் நிழலில்தான் தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். காலையிலிருந்து வேலை செய்த அக்காமார்களை எழுப்பிவிட்டு அங்கே படம் எடுக்கப் போகிறீர்களா? எனக்கு அது பெரிய தப்பாகப் படுகிறது. 6 மணிக்குத் தோட்டத்தில் ஆள் கிடையாது, எழுப்பிவிடவும் யாரும் இல்லை.

மல்கோவா:
அண்ணா, மதியம் எடுத்தால் நிஜமாகவே பச்சை வருமா, வராதா?

நாகலூர் மிளகு:
வராது.

வெளிச்சக்காரி:
வரும்.

ஐந்துரோடு:
வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை இடுப்புக்குக் கீழே பிடித்தால் பச்சை மறையும் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். மேலே சல்லடை வெயிலுக்கு வெள்ளை வேட்டியை நாலு முனையில் கட்டினால் போதுமாம்.

வெளிச்சக்காரி:
ஆக, வேட்டி கட்ட நாலு பேர், தெர்மாகோல் பிடிக்க ஒருவர். அந்தப் பெண் கூச்சத்தோடு நிற்கும்போது சுற்றி ஐந்து பேர். இதுவா அந்தரங்கம்? 6 மணி வெயிலுக்கு நானும் என் உதவிப் பெண்ணும் போதும்.

நாகலூர் மிளகு:
சரி, சவால். இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாருங்கள். மதியம் 12 மணி, என் வண்டிப் பாதை, என் மரம். எடிட்டிங் இல்லாத ரா ஃபைலை இங்கேயே போடுவோம்.

வெளிச்சக்காரி:
வருகிறேன். 12 மணிக்கு இல்லை, 12:14க்கு. என் உதவிப் பெண் வெண்பட்டுப் போர்த்தி நிற்பாள், பாதையின் நடுவில் நிறுத்துகிறேன். தாடைக்கு அடியில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நாகலூர் மிளகு:
வெண்பட்டு எதற்கு? வெள்ளைத் துணி எந்த நிறத்தையும் இழுக்கும். சந்தன நிறச் சேலை கட்டி வரச் சொல்லுங்கள்.

வெளிச்சக்காரி:
ஏன், வெள்ளையில் பச்சை தெரிந்துவிடும் என்றா? வெண்பட்டுதான்.