புதிய டேப்லெட்டில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை: ‘உங்கள் நிறுவனத்தின் சர்வர்’ என்கிறது, எனக்கு நிறுவனமே இல்லை

கேள்வி:

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் விண்டோஸ் 11 நிறுவப்பட்ட புதிய டேப்லெட் ஒன்றை வாங்கினேன். முதல் நாள் எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற மங்கலான எழுத்துகள் தோன்றின. எந்தச் செயலியைத் திறந்தாலும் அவை அதன் மேலேயே நிற்கின்றன. வால்பேப்பரை மாற்றவும் முடியவில்லை.

அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வருடன் இணைய முடியாததால் இந்தச் சாதனத்தை ஆக்டிவேட் செய்ய இயலவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தியும், அதன் அருகே 0எக்ஸ்சி004எஃப்074 என்ற பிழைக் குறியீடும் இருக்கின்றன. நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவன். எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கிலும் இந்த டேப்லெட்டை ஒருநாளும் இணைத்ததில்லை. விற்பனையாளர் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் 25 எழுத்துகள் கொண்ட ப்ராடக்ட் கீ ஒன்றை அச்சிட்டு வைத்திருந்தார். அதை உள்ளிட்டேன், அந்தக் கீ தடைசெய்யப்பட்டது என்று பதில் வந்தது. ‘ரீசெட்’ வசதியைப் பயன்படுத்தி அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கியும் பார்த்துவிட்டேன், அதே செய்திதான். புதிதாக ஒரு கீயைப் பணம் கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1:

முதலில் எளியவற்றைப் பார்த்துவிடுங்கள். டேப்லெட்டின் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றும் சரியாக உள்ளனவா? பேட்டரி முழுவதும் தீர்ந்துபோய் வந்த புதிய சாதனங்களில் தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆக்டிவேஷன் பாதுகாப்பான இணைப்பின் வழியே நடப்பது; தேதி தவறாக இருந்தால் மறுமுனையின் சான்றிதழைச் சாதனம் ஏற்காது. விபிஎன் ஏதேனும் இயங்கினால் அதையும் நிறுத்திவிட்டு முயலுங்கள்.

கேட்டவர்:

நன்றி. தேதியும் நேரமும் சரியாகவே உள்ளன. விபிஎன் இல்லை. வேறொரு வைஃபை இணைப்பிலும் முயன்றேன். மாற்றம் எதுவும் இல்லை.

பதில் 2:

தயவுசெய்து புதிய கீ எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது: அந்த ‘நிறுவனத்தின் சர்வர்’ என்ற சொல்தான் அது.

விண்டோஸ் எல்லாக் கணினிகளிலும் ஒரே முறையில் ஆக்டிவேட் ஆவதில்லை. தனிநபருக்கு விற்கப்படும் சாதனத்தில், தயாரிப்பாளர் தொழிற்சாலையிலேயே ஒரு கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள், அதாவது சாதனத்தின் சிப்பிலேயே நிலையாக இருக்கும் மென்பொருளுக்குள், எழுதிவிடுவார். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதுதான் வழக்கம். அதற்கு முன் விண்டோஸ் 7 காலத்தில் கீ அச்சிட்ட ஒட்டுத்தாள் மடிக்கணினியின் அடியில் இருந்து தேய்ந்து படிக்க முடியாமல் போகும், நினைவிருக்கலாம். பெரிய அலுவலகங்களுக்கு உரியது கேஎம்எஸ் என்ற வேறொரு முறை. அங்கே ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக மைக்ரோசாஃப்டிடம் செல்லாது. அலுவலகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரிடம் அனுமதி கேட்கும். குறைந்தது 25 கணினிகளாவது கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி தரத் தொடங்கும். தந்த அனுமதி 180 நாட்களுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கக் கணினி 7 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் கேட்கும்.

உங்கள் டேப்லெட் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது. எஃப்074 என்று முடியும் குறியீட்டின் பொருள் அதுதான்: சர்வரை எட்ட முடியவில்லை. யாரோ தொழிற்சாலையில் இருந்த விண்டோஸை நீக்கிவிட்டு அலுவலகப் பதிப்பு ஒன்றை நிறுவியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். ஊகத்தை உறுதிசெய்ய, கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடும் அதை ஒட்டி டிஎல்ஐ என்ற மூன்று எழுத்துகளும் இட்டு எண்டர் அழுத்துங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் பதிப்பின் பெயர், சேனல் (உரிமம் எந்த வழியில் வந்தது என்பது), கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் ஆகியவற்றை இங்கே எழுதுங்கள். முழுக் கீ எதையும் பொதுவில் இட வேண்டாம். டேப்லெட் வந்த பெட்டியின் ஒட்டுத்தாளில் எந்தப் பதிப்பு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:

பார்த்தேன். பதிப்பு ‘ப்ரொஃபெஷனல்’ என்றும், சேனல் ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்’ என்றும், நிலை ‘நோட்டிஃபிகேஷன்’ என்றும் உள்ளது. கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் டி83ஜிஎக்ஸ்.

பெட்டியின் பக்கவாட்டில் விற்பனையாளரின் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதன் ஓரம் சற்றே தூக்கிக்கொண்டிருந்ததால் மெதுவாக உரித்துப் பார்த்தேன். அடியில் தயாரிப்பாளரின் அச்சு இருக்கிறது: ‘விண்டோஸ் 11 ஹோம்’. ஆனால் எனக்கு விற்கும்போது ‘ப்ரோ’ என்றே சொல்லி விற்றார்கள்.

பதில் 2:

அப்படியானால் ஐயமே இல்லை. டி83ஜிஎக்ஸ் என்று முடிவது, ப்ரோ பதிப்பைக் கேஎம்எஸ் வழியே ஆக்டிவேட் செய்வதற்காக மைக்ரோசாஃப்ட் தன் ஆவணப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கும் பொதுக் கீ. அது உரிமம் அன்று; ‘சர்வரைத் தேடு’ என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம் மட்டுமே. ப்ரோ என்று சொன்னால் கூடுதல் விலை கிடைக்கும் என்பதற்காக இவ்வாறு செய்திருக்கக்கூடும். சீட்டில் இருந்த கீ முன்பே பலரிடம் விற்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம்.

நீங்கள் ரீசெட் செய்தும் பயன் இல்லாததன் காரணமும் இதுதான். ரீசெட், நிறுவப்பட்டுள்ள பதிப்பையே மறுபடியும் நிறுவும். ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோவே வரும். ஃபர்ம்வேரில் இருக்கும் ஹோம் கீ ப்ரோவுக்குப் பொருந்தாது. ஹோமிலிருந்து ப்ரோவுக்குக் கீயை மாற்றி உயர முடியுமே தவிர, ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படி இறங்க முடியாது. எனவே புதிதாக நிறுவுவதே வழி. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு விண்டோஸ் 11 நிறுவியை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து டேப்லெட்டைத் தொடங்கினால், நிறுவி ஃபர்ம்வேரில் உள்ள கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலேயே ஹோமை நிறுவத் தொடங்கும். கேட்டால் ஃபர்ம்வேரில் கீ இல்லை என்று பொருள். அப்போது மேலே செல்லாமல் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

பதில் 3:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் இது மேசைக்கணினி அன்று, டேப்லெட் என்பதை மறந்துவிட வேண்டாம். நானே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டேன். விண்டோஸைப் புதிதாக நிறுவத் தொடங்கியதும் தொடுதிரை வேலை செய்யவில்லை. அதற்கான டிரைவர், அதாவது அந்த வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், நிறுவியில் இல்லை. வைஃபை டிரைவரும் இல்லை. விண்டோஸ் 11 ஹோமோ தொடக்க அமைப்பின்போதே இணைய இணைப்பைக் கேட்கும். இருந்த ஒரே யூஎஸ்பி துளையில் பென் டிரைவ் செருகியிருந்தது, பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, விசைப்பலகையைச் செருக இடமே இல்லை.

ஆகவே, சார்ஜ் செய்துகொண்டே பயன்படுத்தக்கூடிய யூஎஸ்பி ஹப் ஒன்றையும், அதில் செருக விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் முதலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர் ஸ்டோர் என்றொரு கோப்புறை உண்டு. அதனுள் இருக்கும் ஃபைல் ரெப்பாசிட்டரியை முழுவதும் வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவர்கள் கிடைத்தால் அவற்றையும் இறக்கிவையுங்கள். பிறகு, வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரியும் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். பென் டிரைவிலிருந்து தொடங்க, ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு பொத்தான்களைச் சொல்வார்கள். அதைவிட அமைப்புகளில் ரெக்கவரி பக்கத்துக்குச் சென்று அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப், அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று போவது எளிது.

சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம் எனில், விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் கீயை எழுதிவைத்துக்கொண்ட பிறகே ஃபர்ம்வேர் அமைப்புகளில் கைவையுங்கள். ஒரு அமைப்பை மாற்றியதற்கே அது அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கும். உங்கள் கோப்புகளை வெளியே நகலெடுப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கேட்டவர்:

நேற்றிரவு செய்துவிட்டேன். நிறுவி பதிப்பைக் கேட்கவில்லை. நேராக ஹோமையே நிறுவியது. தொடுதிரை பதில் 3 எழுதியவர் சொன்னபடியே உயிரற்றுக் கிடந்தது. மவுஸ் இல்லாதிருந்தால் முதல் திரையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். வைஃபை டிரைவரைக் கொடுத்து இணையத்தில் இணைத்த சில நிமிடங்களுக்குள், நான் எதையும் உள்ளிடாமலேயே, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘டிஜிட்டல் உரிமத்தால் ஆக்டிவேட் செய்யப்பட்டது’ என்று வந்துவிட்டது. அதே கட்டளையை மீண்டும் இட்டுப் பார்த்தேன். சேனல் இப்போது ‘ஓஇஎம் டிஎம்’ என்று காட்டுகிறது.

ஒன்று மட்டும் மிச்சம்: டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரை தானாகச் சுழல்வதில்லை.

பதில் 3:

அது சென்சார் டிரைவர். நகலெடுத்த கோப்புறையையே டிவைஸ் மேனேஜரில் மீண்டும் ஒருமுறை காட்டுங்கள். உள்கோப்புறைகளையும் தேடும்படி உள்ள கட்டத்தில் குறியிட மறந்திருப்பீர்கள்.

பதில் 2:

ஓஇஎம் டிஎம் என்றால் ஃபர்ம்வேரில் இருந்த கீதான் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இனி எத்தனை முறை ஹோமை நிறுவினாலும் அது தானே ஆக்டிவேட் ஆகும். ப்ரோவுக்கு என்று வாங்கிய கூடுதல் தொகையை விற்பனையாளரிடம் திரும்பக் கேளுங்கள். உரித்த ஒட்டுத்தாளை எறிந்துவிட வேண்டாம். பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

கட்டத்தில் குறியிட மறந்ததேதான் காரணம். இப்போது திரை சுழல்கிறது. ஒட்டுத்தாளின் படத்தை விற்பனையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.