நாலரை வயசுக் குழந்தைக்கு ஐக்யூ டெஸ்ட் எடுக்கலாமா?

கோவை அம்மா:
மகன் யூகேஜி. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் சரளமா வாசிக்கிறான், மனக்கணக்கா கூட்டுறான். ஐக்யூ டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க மிஸ். பக்கத்து சென்டர்ல பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் பண்ணி ரிப்போர்ட் தர்றாங்களாம். போகலாமா?

சைக்காலஜிஸ்ட், மதுரை:
ரேகை ஸ்கேன் வேண்டவே வேண்டாம்மா. டிஎம்ஐடின்னு விக்கிறாங்க. விரல் ரேகையை வெச்சு அறிவுத்திறனை அளக்க முடியும்னு எந்த ஆதாரமும் இல்லை.

முறையான டெஸ்ட்னா இந்த வயசுக்கு விப்சி (WPPSI)ன்னு சின்னக் குழந்தைகளுக்கான ஐக்யூ டெஸ்ட் இருக்கு. சராசரி 100, 130க்கு மேல வர்றது நூத்துக்கு ரெண்டு பேர்தான். நம்ம ஊர்ல பினே-காமத்னு இன்னொரு ஐக்யூ டெஸ்டும் போடுவாங்க. அதுல மன வயதை (எந்த வயசுக் குழந்தை அளவுக்குச் செய்றானோ அது) உண்மை வயதால வகுத்து நூறால பெருக்கணும். 54 மாசக் குழந்தை 72 மாச அளவுக்குச் செஞ்சா 133. கேக்கப் பெருசா இருக்கும். ஆனா ஒரு வருஷம் முந்தி இருந்தா நாலரை வயசுல 22 புள்ளி கூடும், பத்து வயசுல 10தான். போதாததுக்கு பினே-காமத்தோட ஒப்பீட்டு அளவு பல வருஷத்துக்கு முந்தின குழந்தைகளை வெச்சுப் போட்டது, அதனாலயும் ஸ்கோர் ஏறித் தெரியும். தூக்கக் கலக்கம், புது ஆள்கிட்ட கூச்சம்னா சட்டுனு இறங்கிடும். ஆறு வயசுக்கு முன்னாடி வர்ற எண்ணை நிரந்தரம்னு எடுத்துக்காதீங்க.

சிறப்பாசிரியர்:
எண் வந்தாலும் பெரும்பாலான ஸ்கூல்ல வகுப்பு மாத்த மாட்டாங்க. அதனால அவசரம் இல்லைன்னுதான் சொல்வேன். முதல்ல இதைப் பாருங்க: புதுக்கதை நாலு வரி வாசிக்கச் சொல்லி, "அவன் ஏன் அழுதான்?"னு கேளுங்க. வாசிப்பு சரளம், ஆனா பதில் வரலை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்றான்னா ஐக்யூவை விட்டுட்டு வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவரைப் பாருங்க. சரியாச் சொன்னா ஏழு வயசு வரை காத்திருக்கலாம். எழுதச் சொல்லி மட்டும் நெருக்காதீங்க. வாசிப்பு எவ்வளவு முந்தினாலும் விரல் தசைக்கு நாலரை வயசுதான்.

கோவை அம்மா:
காரணம் கேட்டா சரியாச் சொல்றான். ஆனா ஸ்கூல் ரிப்போர்ட் கேக்குது. எடுத்தே ஆகணும்னா?

சைக்காலஜிஸ்ட், மதுரை:
ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிகல் சைக்காலஜிஸ்டா பாருங்க. எந்த டெஸ்ட், எந்தப் பதிப்பு, எந்த மொழியில எடுப்பாங்கன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. வீட்டுல பேசுற மொழிதான் சரி. ஒத்தை எண் போதாது. மொழி, நினைவாற்றல், வேகம்னு பிரிச்ச மதிப்பெண் வேணும். காலை டிபன் முடிஞ்ச நேரம் நல்லது. நெட்ல மாதிரிக் கேள்வி எடுத்துப் பழக்காதீங்க, ஸ்கோர் கெட்டுடும். மறுபடி எடுக்கணும்னாலும் ஒரு வருஷமாவது ஆகணும். ஸ்கூலுக்குப் பரிந்துரைப் பக்கம் மட்டும் போதும், எண்ணைக் கொடுக்க வேண்டாம்.