தங்கையின் திருமணத்திற்குக் கிற்றார் இசை தெரிவு செய்த அனுபவம்

கிளிநொச்சி மாவட்டத்துச் சிறிய கத்தோலிக்க ஆலயமொன்றில் சென்ற ஆவணி மாதம் நடைபெற்ற என் தங்கையின் திருமணத்திற்கு, நைலோன் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிற்றாரை நேரடியாக வாசிக்க ஒழுங்கு செய்திருந்தோம். "மேளச் சத்தம் கேட்டுப் பழகின சனத்துக்கு இது காதில விழுமோ தம்பி?" என்று மாமா கேட்டது நியாயமான கேள்வி, விரல் நகத்தால் மீட்டப்படும் இக்கருவியின் ஒலி உண்மையில் மிகவும் மெல்லியது.

பங்குத்தந்தையிடம் முதலிலேயே பேசியது நல்லதாயிற்று. மணமகள் வருகைக்கு ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் புகழ்பெற்ற மணப்பெண் இசையை நாங்கள் கேட்டிருந்தோம். அது 1850இல் அரங்கேறிய இசை நாடகமொன்றில், மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்லும் காட்சிக்குரியது என்று விளக்கி, திருப்பலிக்கு வேறொன்றைத் தேடச் சொன்னார். திருப்பலிப் பாடல்கள் அனைத்தும் பாடகர் குழுவிற்கே உரியவை என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். அது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன்.

ஆகவே வருகைக்கு, ஜேர்மன் இசையமைப்பாளர் பகெல்பெலின் 'கானன்' என்ற இசையைத் தெரிவு செய்தோம். மூன்று வயலின்களுக்கு எழுதப்பட்ட அந்த இசையில், எட்டுச் சுரங்கள் கொண்ட அடிவரி (தாழ்ந்த சுர வரிசை) 28 தடவை சுற்றிவருகிறது. எங்கள் ஆலயத்தின் நடுவழியை ஒத்திகையில் நடந்து பார்த்தபோது ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஆயினும் எந்தச் சுற்றின் முடிவிலும் நிறுத்தலாம் என்பதால், தங்கை பீடத்தை அடைந்த கணத்தில் இசையும் வெட்டுப்படாமல் ஓய்ந்தது. நீண்ட இசையைத் தெரிவு செய்பவர்கள் இந்த நடை நேரத்தை அவசியம் அளந்து பார்க்க வேண்டும்.

வெயிலைப் பற்றி நாங்கள் போதிய அளவு யோசிக்கவில்லை. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்த கலைஞரை நிலையத்தில் ஏற்றிவந்த வாகனத்தில் கிற்றார் சூடேறியதால், தந்திகளின் சுருதி இறங்கிவிட்டது. கருவியை ஆலயத்தினுள் அரை மணி நேரம் வைத்திருந்து மீண்டும் சுருதி கூட்டினார். ஒலிவாங்கியை ஓரடி தள்ளி வைத்தோம். மின்சாரம் நின்றாலும் ஒலி தடைப்படாதிருக்க மின்பிறப்பாக்கியை வெளியே தூரமாக நிறுத்தினோம்.

பதிவேட்டில் கையெழுத்திடும் வேளைக்கு, ஸ்பானிய இசையமைப்பாளர் தாரேகாவின் (1852–1909) இசையொன்றை எங்கள் கிற்றார் கலைஞர் வாசித்தார். பெருவிரல் அடித்தந்தியில் நடக்க, மற்ற மூன்று விரல்கள் ஒரே சுரத்தை விரைந்து மீட்டும்போது எழும் அந்த நடுக்க ஒலி மின்விசிறிச் சத்தத்தில் கரைந்துவிடும் என்று அஞ்சி, அந்தச் சில நிமிடங்களுக்கு விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தேன். வியர்வையைத் துடைத்தபடி கடைசி வாங்கில் இருந்த மாமா, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கும்படி கையால் அடக்கிக்கொண்டிருந்தார்.