சிசர் ஸ்வீப்: குதிக்காலில் குந்தியிருக்கும் எதிராளியை எப்படி விழுத்துவது?

புதுக்குடியிருப்பான்:
எல்லோருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்பில் நாங்கள் நாலைந்து பேர் பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தில் மெத்தை விரித்து பிரேசிலியன் ஜியு ஜிட்சு (தரையில் மல்லுக்கட்டும் கலை) பழகுகிறோம். பயிற்றுநர் என்று ஒருவர் இல்லை. முன்பு ஜூடோ பழகிய ஒரு அண்ணா அடிப்படைகளைக் காட்டித் தருவார், மிச்சம் யூடியூப்தான்.

குளோஸ்ட் கார்டில் (மல்லாந்து படுத்து எதிராளியின் இடுப்பைக் கால்களால் கோத்துப் பிடித்திருக்கும் நிலை) இருந்து சிசர் ஸ்வீப் (கால்களைக் கத்தரிபோல வெட்டி அவரை விழுத்தி மேலே வருவது) எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. இடக்கையால் எதிராளியின் வலது சட்டைக்கையைப் பிடிக்கிறேன், வலக்கையால் கொலரை. கார்டைத் திறந்து வலக்காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, இடக்காலை அவருடைய வலது முழங்காலை ஒட்டித் தரையில் போட்டு, இரண்டு காலையும் எதிரெதிராக வெட்டுகிறேன். மெதுவாகப் பழகும்போது விழுகிறார். ரோலிங் (முழு எதிர்ப்போடு பழகுவது) தொடங்கியதும் குதிக்காலில் குந்திவிடுவார், பிறகு அசைவே இல்லை. என் காலை அமத்திவிட்டுப் பக்கத்தால் கடந்து வந்துவிடுகிறார். என்னைவிட 15 கிலோ கூட. எடைதான் காரணமா?

வவுனியா அக்கா:
தம்பி, எடை இல்லை. நீங்கள் காலில் இருந்து தொடங்குகிறீர்கள். இந்த ஸ்வீப்பில் கால் கடைசி வேலை.

நெல் மூட்டை நிலத்தில் குந்தியிருக்கும்போது தள்ளிப் பாருங்கள், அசையாது. வாயைப் பிடித்து ஒரு மூலையில் சரித்துவிட்டால் பிறகு சின்னப் பெடியனும் உருட்டுவான். அவர் குதிக்காலில் இருக்கும்வரை பாரம் முழுக்க அவருடைய இடுப்புக்குக் கீழே. அதை முதலில் உங்கள் மேல் எடுக்க வேண்டும். கொலரையும் சட்டைக்கையையும் உங்கள் தலைப் பக்கம் இழுங்கள், அதே நேரம் குறுக்கே வைத்த காலையும் நெஞ்சுப் பக்கம் மடக்குங்கள். அவருடைய பின்பக்கம் குதிக்காலை விட்டு மேலே எழும்புவது தெரியும். வெட்ட வேண்டியது அந்தக் கணத்தில்தான். உங்கள் ஜூடோ அண்ணாவிடம் குசுஷி (எதிராளியின் சமநிலையைக் குலைப்பது) என்று கேளுங்கள், ஜூடோக்காரருக்கு உடனே விளங்கும்.

இன்னொன்று, முதுகு முழுவதும் மெத்தையில் படுத்திருந்தால் இது வேலை செய்யாது. இடுப்பை வெளியே எடுத்து இடப் பக்கமாகச் சரிந்து படுங்கள். அந்தச் சட்டைக்கையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். விழுகிற பக்கத்துக் கை அதுதான், ஊன்ற இடம் கிடைத்தால் ஸ்வீப் அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்பான்:
நன்றி அக்கா. ஆனால் நான் இழுத்தால் அவர் வேண்டுமென்றே பின்னுக்குச் சாய்கிறார். அப்போது என்ன செய்வது?

வவுனியா அக்கா:
அது நல்ல செய்தி! பின்னுக்குச் சாய்பவரை முன்னுக்கு இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம், அவர் போகிற பக்கமே போங்கள். கார்டைத் திறந்து, ஒரு கையை உங்களுக்குப் பின்னால் ஊன்றி எழும்பி இருங்கள். மற்றக் கையை அவருடைய எதிர்த் தோளுக்கு மேலால் போட்டு, அந்தப் பக்கத்து மேற்கையை இறுக்கிக்கொண்டு, இடுப்பால் அவர் நெஞ்சை இடித்துச் சரியுங்கள். ஹிப் பம்ப் என்பது இதுதான்.

விழாமல் இருக்க அவர் கையைப் பின்னால் ஊன்றினால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கிமுரா என்ற கைப்பூட்டுக்குப் போகலாம். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலியன் ஜியு ஜிட்சுவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹீலியோ கிரேசியை வென்ற அதே பூட்டு, பெயரும் அப்படித்தான் வந்தது. தோள்மூட்டில் விழுகிற பூட்டு என்பதால் மெதுவாகப் போடுங்கள், அவர் போதும் என்று கையால் தட்டினால் உடனே விடுங்கள். பயிற்றுநர் இல்லாத இடத்தில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். அங்கே ஒரு தோள் போனால் உங்கள் நாலைந்து பேரில் ஒருவர் மாதக்கணக்கில் இல்லை.

பரந்தன் நோகி:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. என் பங்குக்கு இரண்டு விஷயம்.

முழங்காலை நன்றாக அகட்டி வைத்திருப்பவரிடம் தரையில் போட்ட காலால் வெட்டப் போகாதீர்கள். அந்தப் பாதத்தை அவர் முழங்காலில் வைத்து நேராகப் பின்னுக்குத் தள்ளுங்கள், கால் நீண்டு அடித்தளம் போய்விடும். புஷ் ஸ்வீப் என்பார்கள். பாரமானவர்களிடம் எனக்கு சிசரை விட இது கைகொடுக்கிறது.

அப்புறம், எங்கள் வெயிலுக்கு ரீசேட்டோடுதான் பெரும்பாலும் உருளுகிறோம். பிடிக்கக் கொலர் இல்லை, ரீசேட்டைப் பிடித்தால் கிழியும். வேர்த்த மணிக்கட்டும் வழுக்கும், ஆகவே நாலு விரலையும் பெருவிரலையும் ஒரே பக்கம் வைத்துக் கொக்கி போலப் பிடித்து அதை உங்கள் நெஞ்சோடு ஒட்டி வையுங்கள். மற்றக் கையைக் கழுத்துக்குப் பின்னால் போட்டுத் தலையை இழுங்கள். தலை கீழே வந்தால் பாரமும் கூடவே வரும்.

புதுக்குடியிருப்பான்:
நேற்றுப் பின்னேரம் இழுத்துவிட்டு வெட்டினேன், அவர் விழுந்தார்! ஆனால் நான் எழும்புவதற்குள் உருண்டு முழங்காலுக்கு வந்துவிட்டார். போட்டியில் இதற்குப் புள்ளி உண்டா?

வவுனியா அக்கா:
ஐபிஜேஜேஎப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி ஸ்வீப்புக்கு 2 புள்ளி, ஆனால் மேலே வந்து 3 விநாடி பிடித்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி உடனே எழும்ப விட்டால் கிடைக்காது. அவரை விழுத்திவிட்டுப் பிறகு எழும்புவதில்லை தம்பி, அவரோடு சேர்ந்தே உருள வேண்டும். கொலரை விடாமல் பிடித்திருந்தால் அவர் விழுகிற பாரமே உங்களை மேலே தூக்கிக்கொண்டு வரும். நேரே மவுண்டில் (இருபுறமும் கால் போட்டு அவர் மேல் அமரும் நிலை) போய் இருப்பீர்கள், அதற்கு இன்னும் 4. முதலில் எதிர்ப்பில்லாமல் விழச் சொல்லி, விழுத்துவதையும் மவுண்டில் அமர்வதையும் ஒரே மூச்சில் செய்து பழகுங்கள். பிறகு அந்த 15 கிலோ கூடின ஆளிடம் போங்கள்.