மறு: ‘பொருள் ஆய்வு’ பொருந்தவில்லை, ‘சரக்கு நோட்டம்’ வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பிறர் சரக்குக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுத் தரகு பெறும் தொழிலுக்கு (‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’) நாம் போடும் கலைச்சொல் பட்டியலில், ‘புராடக்ட் ரிசர்ச்’ என்பதற்கு, அதாவது எந்தச் சரக்குக்கு விளம்பரம் போடலாம் என்று பார்த்துத் தேர்வதற்கு, என்ன சொல் வைப்பது என்று இரண்டு நாளாக ஓடும் இந்த இழையை இன்று காலைதான் முழுதும் படித்தேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘புராடக்ட் ரிசர்ச்’ என்பதற்குப் ‘பொருள் ஆய்வு’ என்று நேராகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது, ஐயா. ‘பொருளாய்வு’ என்று சேர்த்து எழுதிவிட்டால் சொற்பொருள் ஆராய்ச்சி என்றுதான் எந்தத் தமிழாசிரியரும் படிப்பார். அது சின்னக் குறை. பெரிய குறை, இந்தத் தொழிலில் பொருளை யாரும் ஆய்வதே இல்லை என்பது. கிரைண்டர் விற்க விளம்பரம் போடுகிறவர் கல்லைத் தட்டிப் பார்ப்பதில்லை. பல சமயம் அந்தக் கிரைண்டரைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார். பொருள் வேறொருவருடையது, கடையும் வேறொருவருடையது. இவர் தேடுபொறியில் தன் கைக்காசைப் போட்டு விளம்பரம் கொடுக்கிறார். விளம்பரத்தின் மேல் விழும் ஒவ்வொரு சொடுக்குக்கும் (கிளிக்) பணம் போகிறது. வந்தவர் கடையில் வாங்கினால் மட்டும் தரகு வருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் சொல் தானாக வரும். கிரைண்டர் விலை 5,000 ரூபாய், தரகு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விற்பனைக்கு 250 ரூபாய். நூறு பேர் சொடுக்கி இரண்டு பேர் வாங்கினால் 500. ஆக, ஒரு சொடுக்கு கொண்டுவருவது 5 ரூபாய். அதே சொடுக்குக்கு விளம்பரத்தில் 8 ரூபாய் போனால், நூறு சொடுக்கில் 300 ரூபாய் கைநட்டம். கிரைண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த நட்டம் மாறாது. வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டால் வந்த தரகும் போய்விடும்.

இந்த 5 ரூபாயைச் ‘சொடுக்கு வரவு’ என்றும் 8 ரூபாயைச் ‘சொடுக்குச் செலவு’ என்றும் சொல்லலாம். வரவும் செலவும் கணக்குப்பிள்ளைகள் நாள்தோறும் எழுதும் சொற்கள். விளக்கக் குறிப்பு தேவைப்படாது.

இப்போது தலைச்சொல். பழைய அகராதிகளில் ‘நோட்டம்’ என்றால் நாணயம் பார்த்தல், ‘நோட்டக்காரர்’ என்றால் நாணயம் பார்ப்பவர். காசைச் சுண்டி ஓசை கேட்டு, செல்லுமா செல்லாதா என்று சொல்கிற ஆள். காசின் அழகு அவருக்கு வேண்டியதில்லை, செல்லுமா என்பதே கேள்வி. இந்தத் தொழிலில் நடப்பதும் அதேதான். அதனால் ‘சரக்கு நோட்டம்’ என்கிறேன்.

நோட்டத்தில் என்னென்ன அடங்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தரகு விகிதமும் சொடுக்கு விலையும் எல்லோருக்கும் தெரிந்தவை. பலர் தவறவிடுவது கடைக்காரரின் விதிமுறையும் விளம்பரம் ஏற்கும் தேடுபொறியின் விதிமுறையும். அமேசான் இந்தத் தரகுத் திட்டத்தை 1996இலேயே தொடங்கியது. ஆனால் 2009 மே முதல் வட அமெரிக்காவில், தேடல் விளம்பரத்தில் காசு கட்டி அனுப்பிய ஆட்களுக்குத் தரகு இல்லை என்று நிறுத்திவிட்டது. கூகுள் 2005 ஜனவரியில், ஒரு தேடலுக்கு ஒரே இணைய முகவரியைக் காட்டும் விளம்பரம் ஒன்றுதான் என்று வைத்தது. அதுவரை ஒரே கடைக்குப் பத்துப் பேர் வரிசையாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விதியைப் படிக்காமல் பொருளைத் தேர்ந்தால் மீதி உழைப்பெல்லாம் வீண். நானே ஒருமுறை அப்படி 1,800 ரூபாயைத் தொலைத்தேன். விதி பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.

இன்னொரு சொல்லும் தொங்கலில் நிற்கிறது. தரகுக்கு விற்கக்கூடிய சரக்குகளைப் பட்டியலிடும் கிளிக்பேங்க் தளத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ‘கிராவிட்டி’ என்று ஓர் எண் தருகிறார்கள். இதை ‘ஈர்ப்பு விசை’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அந்த எண் சொல்வது, கடந்த 12 வாரங்களில் எத்தனை தனித்தனி ஆட்கள் அந்தச் சரக்கை விற்றுத் தரகு பார்த்தார்கள் என்பதை. அண்மையில் விற்றவருக்கு எடை கூடுதல். எத்தனை விற்றது என்பது அதில் இல்லை, எத்தனை பேர் மொய்க்கிறார்கள் என்பதுதான் இருக்கிறது. எனவே ‘மொய்ப்பெண்’. பலாச்சுளையில் ஈ மொய்த்தால் பழம் இனிப்பு என்று தெரியும். நமக்குச் சுளை மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. எண் பெரிதானால் விளம்பரப் போட்டியும் பெரிதாகும், சொடுக்குச் செலவும் ஏறும். இத்தனையும் ‘மொய்ப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

அன்புடன்,
இழையில் தாமதமாக வந்தவன்

——

> ‘சரக்கு நோட்டம்’

மொய்ப்பெண்ணுக்கு என் ஓட்டு. தலைச்சொல்லில்தான் தயக்கம். இன்று ‘சரக்கு’ என்றால் வகுப்பில் பின்வரிசை சிரிக்கும். ‘நோட்டம் பார்த்தல்’ என்றால் திருட வந்தவன் வீட்டைச் சுற்றுவது. இரண்டையும் சேர்த்தால் பாடநூலில் வைக்க முடியுமா, அண்ணா?

——

தங்கையே, சரக்கு லாரியும் சரக்கு ரயிலும் சிரிப்பில்லாமல் செய்தித்தாளில் ஓடுகின்றன. நோட்டத்தைத் திருடனிடமே விட்டுவிட்டால் நாணயம் பார்த்தவருக்கு என்ன மிஞ்சும்? ஆனாலும் பின்வரிசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பட்டியலில் ‘விற்சரக்கு நோட்டம்’ என்று எழுதி, சுருக்கமாக ‘நோட்டம்’ என்று வைப்போம். மூன்று மாதம் புழங்கிப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

‘அஃபிலியேட்’, அதாவது கடைக்கு ஆள் அனுப்பித் தரகு பெறுபவர், அந்த வரிசைதான் பட்டியலில் இன்னும் காலி. ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று முன்மொழிந்தவருக்கு: வழி காட்டுவது சரிதான், ஆனால் சங்கப் பாணன் வள்ளலிடம் ஆள் அனுப்பித் தரகு வாங்கியதாக எங்கும் பாடல் இல்லை. ஈழத்திலோ உளவளத் துணைக்கு அந்தச் சொல் ஏற்கனவே புழங்குகிறது. என் பங்குக்குக் ‘கைகாட்டி’ என்பதை வைக்கிறேன். கவைச் சந்தியில் நின்று இந்தப் பக்கம் என்று காட்டும். ஊர் அதனுடையது இல்லை. திங்கட்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.