மறு: ‘ரெஃபரல் ரிவார்டு’ – தமிழில் என்ன வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுவிட்டது. செயலியின் தமிழாக்கத்தை மூட இந்த ஒரு சொல்தான் பாக்கி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், வீட்டுக்கு வந்து செய்யும் பியூட்டிஷியன் என்று தனியாளாகத் தொழில் செய்பவர்கள் பில் போடவும் வாடிக்கையாளர் கணக்கு வைக்கவும் உதவும் கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய) செயலி இது. பழைய வாடிக்கையாளர் சொல்லிப் புதியவர் வந்தால், சொன்னவருக்கு ஏதாவது கொடுப்பதற்கு அதில் ஒரு பகுதி உண்டு. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> ‘பரிந்துரைப் பரிசு’ என்று போட்டு முடித்துவிடலாமே.

முடித்துவிடலாம்தான். ஆனால் பில் எழுதும்போது “இதையும் சேர்க்கலாமா?” என்று செயலி தானாகக் காட்டும் பட்டியலுக்கு ஏற்கெனவே ‘பரிந்துரைகள்’ என்று பெயர் வைத்துவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல், பரிந்துரை என்பது வாயோடு முடிகிற காரியம். நல்ல தச்சர் என்று பத்துப் பேரிடம் நான் பரிந்துரைக்கலாம். ஒருவர்கூட அவரைக் கூப்பிடாமல் போகலாம். இந்தப் பகுதி எண்ணுவது வந்து, வேலை முடிந்து, பணம் கொடுத்தவர்களை மட்டும்தான். ‘பரிசு’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது” என்று வரும் குறுஞ்செய்திகள் அந்தச் சொல்லைக் கெடுத்துவைத்திருக்கின்றன.

> ‘ரெஃபரல்’ என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு மாதிரி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து “ஜி.எச்.சுக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க” என்பதுதான் நம் ஊர்க் காதில் விழுகிற ரெஃபரல். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் டாக்டருக்குப் போகும் பங்கு. அது தப்பு என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிமுறைகளே சொல்கின்றன. நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷனோ அன்பளிப்போ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்த வாடை அடிக்கிற சொல்லை ஒரு பிளம்பரின் பில்லில் ஏற்ற வேண்டாம்.

> ஆற்றுப்படை! தான் பெற்ற வளத்தைப் பெறாதவனுக்குச் சொல்லி அனுப்புவதுதானே?

ஐயா, இது இழையில் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பொருத்தம் அழகானதுதான். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளலிடம் பொருள் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனுக்கு வழி சொல்லி அனுப்புகிறான். ஆனால் அப்படி அனுப்பியதற்காக வள்ளல் அவனைத் திரும்பக் கூப்பிட்டு எதுவும் கொடுப்பதில்லை. நமக்குச் சொல் தேவைப்படுவதோ அப்படிக் கொடுப்பதற்கு. தவிர, இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவள ஆலோசனையும் நினைவுக்கு வரும். ‘ஆற்றுப்படைச் சலுகை’ என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்தால், ஆற்றங்கரையில் என்ன தள்ளுபடி என்று யாராவது கேட்பார்கள்.

> எங்கட பக்கம் ‘அறிமுகக் கழிவு’ எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

கழிவு நல்ல சொல். விலைக்கழிவு என்று யாழ்ப்பாணத்துக் கடையில் எழுதியிருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கதை வேறு. அதிலும் இந்தச் செயலியை அதிகம் பயன்படுத்தப்போகிறவர்கள் பிளம்பர்கள். ஒரு பிளம்பரின் பில்லில் ‘கழிவு: 100’ என்று இருந்தால், எந்தக் குழாயில் என்றுதான் வீட்டுக்காரர் கேட்பார். இலங்கைத் தமிழுக்கென்று செயலியில் தனிக் கோப்பு உண்டு. அங்கே இது தாராளமாக இருக்கட்டும்.

சரி, சொல்லை விட்டுக் கொஞ்சம் தொழிலைப் பார்ப்போம்.

மதுரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் புது வீட்டில் வேலை முடித்துப் பணம் வாங்கும்போது, “யாருங்க சொல்லி விட்டது?” என்று தவறாமல் கேட்பார். பதிலை டைரியில் எழுதிக்கொள்வார். புது ஆளின் பெயருக்குக் கீழே ஒரு கோடு, அதன் கீழே சொன்னவரின் பெயர், தெரு. மார்ச் கடைசியில் சொன்னவர் வீட்டு சர்வீஸுக்குப் போகும்போது, “டீச்சரம்மா, நீங்க அனுப்புன வீட்டுல ரெண்டு ஏசி. உங்களுக்கு இந்தத் தடவை நூறு ரூபா குறைச்சுக்கறேன்” என்பார். கையில் நூறு ரூபாய்த் தாளாக நீட்டியிருந்தால் அந்த டீச்சர் வாங்கியிருக்க மாட்டார், கோபம்கூட வந்திருக்கும். பில்லில் குறைந்தால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்.

அவருடைய கணக்கில் நேரமும் முக்கியம். வேலை முடிந்து, பணம் வந்து, பத்து நாளில் “மறுபடி தண்ணி சொட்டுது” என்று போன் வராமல் இருந்தால்தான் அந்தக் கோடு செல்லும். 2017இல் தேஸ் என்ற பெயரில் கூகுள் பே இங்கே வந்தபோதும், அழைப்பை ஏற்றுச் சேர்ந்த நண்பர் முதல் பணத்தை அனுப்பிய பிறகுதான் இருவருக்கும் ஆளுக்கு 51 ரூபாய் விழுந்தது. பதிந்ததற்கே கொடுத்தால் பொய்க் கணக்கு குவியும் என்பது பெரிய நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கிறது, டைரி வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரில் இருப்பது கமிஷன். எலெக்ட்ரீஷியன் ஒயர், சுவிட்சுப் பட்டியல் எழுதிக் கொடுத்து “இந்தக் கடையில வாங்குங்க” என்கிறார். கடை அவருக்கு விலையில் ஒரு பங்கு கொடுக்கிறது. பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வருகிறது. வீட்டுக்காரருக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார், உள்ளுக்குள் கொஞ்சம் புழுங்குவார். ஏனென்றால் அந்தத் தொகை கடைசியில் தன் பில்லில்தான் ஏறியிருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். அதே புழுக்கத்தை, பிளம்பரைப் பற்றிப் பக்கத்து வீட்டில் நல்லவிதமாகச் சொன்ன ஒரு அம்மாவின் தலையில் கட்டக் கூடாது. அந்த அம்மா தன் வாக்கைப் பணயம் வைக்கிறார். பிளம்பர் சொதப்பினால் கல்யாண வீட்டில் பேச்சு வாங்குவதும் அவர்தான்.

ஆகவே என் கட்சி இது: செயலியில் இரண்டு தனித்தனிச் சொற்கள் வேண்டும். ஆங்கில மூலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்திருப்பதால் நாமும் அடைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கடைக்காரர், புரோக்கர், இன்னொரு தொழிலாளி என்று வருமானத்துக்காக ஆள் அனுப்புகிறவருக்குக் கொடுப்பது ‘தரகு’. கமிஷன் என்றாலும் சரி. அதற்கு அழகான பெயர் சூட்டித் தருவது நம் வேலை இல்லை.

வாடிக்கையாளருக்குக் கொடுப்பது ‘நன்றிச் சலுகை’. சொன்னவர், ‘அறிமுகம் செய்தவர்’. முன்பெல்லாம் வங்கியில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறுப்பு இந்தச் சொல்லில் இன்னும் ஒட்டியிருக்கிறது. வந்தவர், ‘அறிமுகமாகி வந்தவர்’. அவருக்கும் ஏதாவது குறைத்தால் அது ‘முதல்முறைச் சலுகை’. மொத்தப் பகுதியின் தலைப்பு, ‘அறிமுகத் திட்டம்’.

‘அறிமுகச் சலுகை’ என்று ஏன் சுருக்கவில்லை என்று யாராவது கேட்கலாம். புதுக் கடை திறந்தால் வாசலில் தொங்கும் பதாகையே அதுதான். புதிதாக வந்தவருக்கான தள்ளுபடி என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். நமக்கு வேண்டியது பழையவருக்கானது.

> ‘நன்றிச் சலுகை’ தனியாக நின்றால் எதற்கு நன்றி என்று தெரியாதே?

கலைச்சொல் தன் காலில் நிற்க வேண்டும் என்ற வாதம் சரிதான். சொற்பட்டியலில் ‘அறிமுக நன்றிச் சலுகை’ என்று முழுசாகப் போடுவோம். பொத்தானில் இடம் இல்லை, அங்கே சுருக்கம். பில்லிலும் சுருக்கமே போதும். பக்கத்தில் வந்தவரின் பெயர் இருக்கும்.

‘ஆள்சேர்ப்பு’, ‘ஆள் சேர்த்தவர்’ இரண்டையும் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சங்கிலித் திட்டங்களில் பணம் இழந்த குடும்பம் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. நேரடி விற்பனைக்கான 2021 விதிகள் பிரமிடு திட்டத்தையே தடை செய்திருக்கின்றன. நம் செயலி ஒரு படியோடு நிற்கிறது. நான் அறிமுகம் செய்தவர் இன்னொருவரை அறிமுகம் செய்தால் எனக்கு ஒன்றும் வராது. உதவிப் பக்கத்தில் இதை ஒரு வரியாகவே எழுதிவிடலாம்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று. சலுகைக்கு முன்னால் வரும் ‘ச்’ விட்டுப்போய் ‘நன்றி சலுகை’ என்று பலரும் தட்டுவார்கள். தேடலில் இரண்டும் கிடைக்கும்படி செய்யச் சொல்லி நிரலாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் இதே இழையில் சொல்லுங்கள். முக்கியமாகக் கோவை, நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் ஒரு முறை ‘நன்றிச் சலுகை’ என்று சொல்லிப் பார்த்து, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று எழுதினால் நல்லது. மறுப்பு வராவிட்டால் சனிக்கிழமை கோப்பை ஏற்றிவிடுகிறேன்.