பாரிஸ் ஓர்சே மியூசியம் போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே, அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு பாரிஸ் போறேன், கையில ரெண்டே நாள். திங்கள் ஓர்சே லீவு, செவ்வாய் லூவ்ரு லீவு, அதனால திங்கள் லூவ்ரு, செவ்வாய் ஓர்சேன்னு போட்டுட்டேன். ஓர்சே 1900ல ரயில்வே ஸ்டேஷனா இருந்து 1986ல மியூசியம் ஆனது இல்லையா, அஞ்சாவது மாடில அந்த பெரிய கண்ணாடி கடிகாரம் இருக்கும்ல, உள்ள இருந்து பார்த்தா நம்பரெல்லாம் தலைகீழா, சாரி, இடவலமா மாறித் தெரியும், அதுக்குப் பின்னாடி சேன் நதி, தூரத்துல மோன்மார்த் குன்னு மேல வெள்ளையா சாக்ரே கேர் சர்ச். போன தடவ செல்ஃபி கூட்டத்துல ரெண்டு நிமிஷம்கூட நிக்க விடல, மோனே ஓவியத்தவிட அங்கதான் கூட்டம்! எத்தன மணிக்குப் போனா கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும்? அம்மாவுக்கு முட்டி வலி வேற, லிஃப்ட்ல நேரா மேல போய்ட்டு அப்புறம் கீழ இறங்கிட்டே பார்த்தா சரிவருமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.